மூன்றாவது வரி

சின்னப்பாலம் கடற்கரையில் புயல் ஒத்திகை.
நாற்பது பேர் காயம்பட வேண்டும்,
ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய், எலுமிச்சைச் சோறு.
சீட்டைப் பிரித்துத் தங்கள் காயத்தைத் தெரிந்துகொண்டார்கள்:
தொடை முறிவு, தலையில் அடி,
கூரைத்தகடு கிழித்த வயிறு.
நம்புவள்ளியின் சீட்டில் இரண்டே சொல்:
மூச்சு இல்லை.

அதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
குருசடைத்தீவுப் பாறைகளில்
மூச்சை மடியில் முடிந்துகொண்டு
பாசி எடுக்க இறங்குகிறவள்.

ஆளுக்கு முப்பது நொடிதான் எனக்கு.
மோவாயை உயர்த்தினேன், காதை மூக்கோரம் வைத்தேன்.
காற்றில்லை.
வெற்றிலை வாசனை மட்டும்.
துணி சுற்றிய விரல்களுக்கு மேலே
மணிக்கட்டில் கறுப்பு நாடாவைக் கட்டிவிட்டு
அடுத்தவரிடம் ஓடினேன்.

சிவப்புகள் முதலில் போயின.
மஞ்சள்கள் பிறகு.
பச்சைகள் தாங்களாகவே பந்தலுக்கு நடந்து வந்து
சோறு பற்றாதென்று சண்டை பிடித்தன.
டாக்டர் சீனி நூர்தீன் கடிகாரத்தை நிறுத்தினார்:
நாற்பத்தோரு நிமிடம்.
கைதட்டினோம். தேநீர் வந்தது. படம் எடுத்துக்கொண்டோம்.

ஸ்ட்ரெச்சர் கணக்குப் பார்க்கையில்தான்
ஓட்டுநர் மரியசெல்வம் கேட்டார்,
"அந்தா கெடக்கிறது யாரு?"

வெயில் ஏறிய மணலில் அப்படியே கிடந்தாள்.
அலை கெண்டைக்கால்வரை வந்துபோயிருந்தது.
நாடாவின் நுனியை ஒரு நண்டு சோதித்துக்கொண்டிருந்தது.
"முடிஞ்சிருச்சுன்னு
செத்தவுககிட்ட யாரும் சொல்லலியே"
என்றாள், கண்ணைத் திறக்காமலே.

எங்கள் கையேட்டில் சிவப்புக்கு ஏழு பக்கம்.
கறுப்புக்கு இரண்டு வரி:
நேரம் செலவிடாதே.
அடுத்தவரிடம் போ.
கல்நெஞ்சில் எழுதியவை அல்ல அவை;
ஒரு உருளைக்கு நான்கு மூக்குகள் காத்திருந்த
ஏதோ ஒரு இரவில்
யாரோ அழுதுகொண்டே போட்ட கணக்கு.
அன்று மாலை டாக்டர் பேனாவால் சேர்த்தார்:
ஒருவர் உடன் இருக்க வேண்டும்.
யார் என்பதற்கு இடம் விட்டிருந்தார்.

கார்த்திகையில் நிஜமாகவே வந்தது.
பாலத்துக்குக் கிழக்கே மாட்டிக்கொண்டோம்,
பள்ளிக்கூடத்தில் பதினேழு பேர், டார்ச் வெளிச்சம்,
ஆக்சிஜன் இரண்டு.
படகின் இரும்புச் சட்டம் மார்பில் விழுந்த சந்தியாகுவுக்கு
மூச்சு இருந்தது.
கறுப்பைக் கட்டினேன்.
மூச்சு இருந்தது,
கட்டினேன்.

ஈரச்சேலையோடு வந்து
அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள் நம்புவள்ளி.
யாரும் கூப்பிடவில்லை.
"நீ போ. எனக்குப் பழகின எடம்."

விடிந்து படகு வந்தபிறகு
இறந்த நேரம் கேட்டேன்.
அவளிடம் கடிகாரம் கிடையாது.
"நீ போனதுக்கப்பறம் முந்நூத்திப் பன்னெண்டு மூச்சு.
கடைசி மூணும் ரொம்பத் தள்ளித் தள்ளி."

மணி, நிமிடம் என்று அச்சடித்த கட்டத்தில்
அதையே எழுதினேன்.
மாவட்ட அலுவலகத்திலிருந்து
இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.