கடல் மட்டத்திலிருந்து

மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆவண அறை.
ஜன்னலைத் திறந்தால் தேவனாம்பட்டினத்துக் காற்று
காகிதத்தை நமுக்கவைக்கும்.
திறப்பதில்லை.

நான் ஏறிய உயரமெல்லாம் கேப்பர் மலைதான்.
டவுன் பஸ் இரண்டாவது கியரில் ஏறிவிடும்,
முந்திரித் தோப்பும் சிறைச்சாலையும் வந்துவிடும்,
மலை முடிந்தது.
சொந்த ஊர் விருத்தாசலம்.
முதுகுன்றம் என்று பழம்பேர்.
பத்து வயதில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு
அந்தக் குன்றைத் தேடியிருக்கிறேன்,
மணிக்கு ஒன்றரை ரூபாய்.

தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரிந்தபோது
கல்வராயன் மலையைச் சிவப்புத் துணியில் கட்டி
லாரியில் ஏற்றி விழுப்புரம் அனுப்பினார்களாம்.
அங்கிருந்து பின்னொரு நாள் கள்ளக்குறிச்சிக்கு.
லாரியில் இடம் போதாமல் ஒரு கட்டு மட்டும்
எங்கள் மூன்றாம் வரிசையில், பீரோவுக்குப் பின்னால்,
பாச்சை உருண்டை வாசத்தில்
தங்கிப்போனது.

பொன்னுருவி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மஞ்சள் பை, ஈரமில்லாத குடை.
"கள்ளக்குறிச்சியில கேட்டேன், விழுப்புரம்னாங்க.
விழுப்புரத்துல கேட்டேன், கடலூருன்னாங்க.
இதுக்கு மேல போனா தண்ணிதான சார்?"

கட்டை அவிழ்த்தேன்.
ஜாகிர் காலத்துச் சீட்டுகள் மேலாக இருந்தன:
கைநாட்டு, கைநாட்டு, கைநாட்டு.
அடியில் வரைபடம்.
கோட்டுக்குள் கோடு, அதற்குள் கோடு,
மலையும் ஒரு கைநாட்டுப் போலத்தான் தெரிந்தது.
ஒவ்வொரு கோட்டிலும் ஒரு எண்,
கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி.
அவளிடம் காட்டினேன்.
"எங்களுக்கு எண்ணு கெடையாது சார்.
கரியாலூர்ல காது குளிரும்,
வெள்ளிமலையில பல்லு அடிக்கும்.
கெண்டக்கால் வலிச்சா போற ஊரு மேல,
முட்டி வலிச்சா கீழ."

ஈச்சங்காட்டு வளவு. புல எண் நாற்பத்தேழு.
தீர்வை ஏற்படாத தரிசு. கல்லாங்குத்து.
குறிப்புக் கலத்தில், வேறு மையில்,
'பலா ஒன்று'.

படித்துக் காட்டினேன்.
"கல்லாங்குத்தா?
சாமை வெதச்சி அறுத்த எடம்.
எங்கப்பன் படுத்திருக்கிற எடம்."
பலாவுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.
குடையைப் பிரித்து, மறுபடி மடக்கி,
"அது காய்ப்ப நிறுத்தி ஏழு வருசமாச்சு" என்றாள்,
நான் அப்போதே திருத்திவிடுவேன் என்பது போல.

முத்திரை போட முடியாது.
மலை இப்போது எங்கள் மாவட்டமில்லை.
அந்த ஒரு வரியை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து
செல்லாது என்றும் சொன்னேன்.
"தெரியும் சார்."
நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
மேசைமேல் ஒரு பிடி கடுக்காயை வைத்துவிட்டு
மூன்றரை பஸ்ஸுக்குப் போனாள்.
கடல் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

கட்டை மறுபடி கட்டினேன்.
மேலிடத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை.
கடுக்காயில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்.
நாக்கு சாயங்காலம் வரை
என் சொல் கேட்கவில்லை.

கோமுகியைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.
அரசாணை இல்லாமல் மலையிறங்கி
மணிமுத்தாற்றில் கலந்து
எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொட்டு
வெள்ளாறு என்று பேர் மாற்றிக்கொண்டு வருகிறது.

போன ஐப்பசியில், மழை விட்ட மறுநாள்,
இறால் வாங்கப் பரங்கிப்பேட்டை போயிருந்தேன்.
முகத்துவாரத்தில்
செம்மண் கலங்கல் கடலுக்குள் வெகுதூரம்
நாக்கை நீட்டியிருந்தது.
இதில் எந்தப் புல எண் போகிறதோ என்று
நின்றுகொண்டிருந்தேன்.

"எடுக்கிறியா இல்லையா" என்றாள்
கூடைக்காரி.