ஒன்பது சீசன்

பொதுக்குழு ஞாயிறு பத்தரைக்கு.
அதற்குள் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்:
'மேலாளர் திரு. பாக்கியநாதன், பதவிக்காலம், ஒரு மதிப்பீடு.'
ஒரு பக்கம். ஒன்பது சீசன்.
ஸ்கோர் புத்தகங்கள் என்னிடம் இருப்பதால்
நியாயமும் என்னிடம்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

புரசைவாக்கம் மாடியறையில்
மின்விசிறி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சுற்ற
பதினேழு புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறேன்.
இரண்டு, வெள்ளத்தில் நனைந்து உப்பியவை.
அந்த வருடத்து ரன்களைத் தாள் பிரித்துப் படிக்க
சின்ன வெங்காயம் உரிக்கிற பொறுமை வேண்டும்.

அவர் வந்தபோது நாங்கள் நான்காம் டிவிஷன்.
போகும்போதும் நான்காம் டிவிஷன்.
இப்படி எழுதினால் வேலை முடிந்தது,
டீ குடிக்கப் போகலாம்.
நடுவில் இரண்டு வருடம் மூன்றாம் டிவிஷனில்
கால் விரல் நுனியில் நின்றோமே, அது?

லெக் ஸ்பின்னர் வசீகரனை விட்டது தப்பு.
யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
டிரான்ஸ்பருக்குக் கடைசி நாள் சாயந்திரம்
'பையன் ரொம்பத் தூக்கிப் போடுறான், ரன் போகுது' என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.
அடுத்த சீசன் அவன் வேறு சட்டையில் வந்து
எங்களில் ஏழு பேரைச் சுருட்டினான்.
ஏழாவது ஸ்டம்ப் சாய்ந்ததும்
எங்கள் பக்கத்தில் எழுந்து கைதட்டியது இவர் ஒருவர்தான்.
ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

சூசையைக் கண்டுபிடித்ததும் இவர்தானே.
எர்ணாவூரில், மீன் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
டென்னிஸ் பந்தில் எறிந்துகொண்டிருந்த இடக்கைக்காரன்.
முதல் வருடம் நாற்பத்தொரு விக்கெட்.
செலவு: ஷூ ஒரு ஜோடி, பஸ் பாஸ்,
அவனுக்கு ஞாயிறு ஷிப்ட் போடாமல் இருக்க
கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசருக்கு மூன்று முறை பிரியாணி.
பிரியாணிக்கு ரசீது இல்லை என்று
பொருளாளர் இன்றைக்கும் முறைக்கிறார்.

ரோலர் விஷயத்தையும் சொல்ல வேண்டும்.
கொரட்டூரில் ஞாயிறுக்கு ஞாயிறு
வாடகைக்கு எடுக்கிற மைதானம்.
அதற்குச் சொந்தமாக ஒரு பழைய ரோலர்,
பதினெட்டாயிரம், லாரி வாடகை தனி.
வாரத்தில் ஆறு நாள்
எதிரிகளின் பிட்சை அதுதான் சமப்படுத்துகிறது.

பிறகு, நான்.

ஆறாவது சீசன். ஒரு சனிக்கிழமை
எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.
அதுவரை யாருக்கும் வாங்கித் தந்ததில்லை.
கிளாஸ் கைக்கு வரும்போதே புரிந்துவிட்டது.
'கையெழுத்து நல்லா இருக்கு உனக்கு,
ஸ்கோர் எழுதுறியா?'

மூன்று மாதம் பேசவில்லை அவரிடம்.
ரன் இல்லாத பந்துக்கெல்லாம்
பேனாவை அழுத்தி அழுத்திப் புள்ளி வைத்தேன்.
அந்தப் புத்தகத்தில்
ஒரு மேட்சின் புள்ளிகள் அடுத்த மேட்சிலும் தெரியும்.

நேற்று ராத்திரி என் கணக்கையும் எடுத்தேன்.
எழுபத்திரண்டு இன்னிங்ஸ்.
சராசரி பதினொன்று புள்ளி நாலு.
இரண்டு முறை கூட்டினேன், பிறகு
கால்குலேட்டரில் ஒரு முறை.
நாலாவது சீசனே முடிந்திருக்கிறது என் ஆட்டம்.
அதைப் பார்க்காதவர் இல்லை அவர்.
புதுப்பேட்டையில் பழைய பம்ப்செட்டின் சத்தத்தைக் கேட்டே
ஆயுள் சொல்கிறவர்.

ஆகவே தவறுகள் என்ற தலைப்பின் கீழ்,
வசீகரனுக்கு அடுத்த வரியில்,
என் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்:
தொடக்க ஆட்டக்காரர் ஒருவரை
தேவைக்கு மேல் இரண்டு சீசன் வைத்திருந்தார்.

பெயர் போடுவதா வேண்டாமா என்று
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தபோது போன்.
அவர்தான்.
மதிப்பீடு என்னாச்சு என்று கேட்பார் என நினைத்தேன்.

'அம்பத்தூர் பக்கம் இருட்டிக்கிட்டு வருதாம்.
ரோலர் மேல தார்ப்பாய் போட்டாச்சா?'

இல்லை என்றேன்.
'சரி, நானே போறேன்' என்றார்.