பைனாகுலரில் புதன்கிழமை

இறக்கிவிடும்போது மணி ஐந்தே கால்.
ஏரிக்கு இன்னும் நிறம் வரவில்லை.
பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில்
ஏறுவதற்கான தோல்பட்டைகளை ஒட்டுகிறாள் மிலோய்கா,
நுனியிலிருந்து வால்வரை
உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி,
தபாலுறை ஒட்டும் பொறுமையோடு.

எழுபத்தாறு வயது.
இடது முழங்கால் டைட்டானியம்.
லுப்லியானாவில் அதைப் பொருத்திய டாக்டர்
இனி தட்டையான இடங்களில் நடக்கலாம் என்றார்.
போஹினில் தட்டையாக இருப்பது
ஏரி ஒன்றுதான் டாக்டர், என்றாள்.

நான் போகோமிர். எழுபத்தொன்பது.
இடுப்பு இரண்டையும் மாற்றியாயிற்று.
என் கட்டைகள் தோட்டத்தில்
தக்காளிக்கு முட்டுக்கொடுக்கின்றன.
அவளுக்கு மலை, எனக்குக் கார்,
பிளாஸ்கில் பார்லி சூப்,
பழைய சந்தையில் வாங்கிய ராணுவ பைனாகுலர்.
அதன் வலது கண்ணில் ஒரு கீறல்.
எந்தச் சிகரமும் எனக்கு
அந்தக் கீறலுக்கு அப்பால்தான்.

முடவனுக்குக் கொம்புத்தேன்மேல் ஆசை என்பார்கள்.
இந்த முடவனுக்குத்
தேனெடுக்கப் போனவள்மேல்.

ஏழு மணிக்கு ஊசியிலைக் காட்டைவிட்டு வெளிவந்தாள்.
சிவப்புப் புள்ளி.
வெள்ளைச் சரிவில் குறுக்கும் மறுக்குமாக
தையல் ஓடுகிறது.
இருபது எட்டு, மூச்சு.
இருபது எட்டு, மூச்சு.
போன வருஷம் முப்பது.
நான் எண்ணுவது அவளுக்குத் தெரியாது.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பை ஒட்டிய உடையில் மூன்று பேர்
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் வந்தார்கள்.
அவள் வழிவிடவில்லை.
சுற்றிக்கொண்டு போனார்கள்.
எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

எட்டு நாற்பது.
உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே
புள்ளி நின்றது.

உச்சியில் ஒரு தகரப்பெட்டி உண்டு.
உள்ளே குறிப்பேடு, முத்திரை, காய்ந்த மைப்பட்டை.
எழுபத்தொன்றில் அதில் பெயரெழுதினோம்,
கல்யாணமாகாமலே
ஒரே குடும்பப் பெயரில்.
அந்த ஏடு எப்போதோ நிரம்பி
யார் வீட்டுப் பரணிலோ இருக்கும்.

ஒரு நிமிஷம். மூன்று.
கீறல் நடுங்குகிறது, கையா காற்றா.
ஆறு.
போன் செய்யலாம். செய்தால் கையுறையைக் கழற்றுவாள்.
கழற்றினால் விரல் விறைக்கும், என்னைத் திட்டுவாள்.
திட்டட்டுமே.
ஒன்பது.
எந்தச் சாமியையும் கும்பிடாதவன்
சூப் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன்.
பதினொன்று.

குனிந்தாள்.
தோல்களை உரித்தாள்.
மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வசந்தப் பனி
மேலே ஒரு விரற்கடை இளகி அடியில் இறுகி நிற்கும்.
பாகு மாதிரி, அரைமணியில் பதம் தப்பிவிடும்.
அவள் பதத்தில் இறங்கினாள்.
வலம், இடம், வலம்.
ஐம்பது வருஷமாய் நான் வாசித்த கையெழுத்து,
முழங்கால் மாறியும் மாறாதது.
ஏழாவது திருப்பத்தில் மட்டும்
பேனா ஒரு கணம் நின்றது.

கார்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.
குனிய முடியாத நான்
தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.
"பிசின் விட்டுப்போச்சு. தோல் ஒட்டவே இல்லை."
"ஏழாவது திருப்பத்தில் இடது காலை நீ நம்பவில்லை."
"நீ சூப்பை ஊற்று."

அவள் குடிக்கையில் தோல்களை மடித்தேன்,
பசைப்பக்கத்தோடு பசைப்பக்கம்.
கப்பென்று பிடித்துக்கொண்டன.
சரிபார்க்கப் பிரித்தேன்;
இரண்டு கையும் போதவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் ஏரிக்கரையில்
மூன்றாம் பாலம்வரை நடந்தேன் என்று சொல்லியிருந்தேன்.
இரண்டாவதிலேயே திரும்பியவன்.
மூன்றாவதில் பலகைகளைப் பெயர்த்துப்போட்டு
பத்து நாளாய்ப் பழுதுபார்க்கிறார்களாம்.
பேக்கரியில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
என் ஊன்றுகோல்களின் தேய்ந்த ரப்பரை மட்டும்
மாற்றிவைத்திருந்தாள்.

வரும் புதனும் வெயில் என்கிறது வானொலி.
புதுப் பிசின் வாங்கவேண்டும் என்கிறாள்
கண்ணைத் திறக்காமல்.
வாங்கலாம் என்று
வண்டியை எடுக்கிறேன்.