இரத்த வங்கிக்காரி மோட்டார் சைக்கிள் வாங்குகிறாள்

கொலன்னாவையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள்
பழைய படங்கை உரித்துக் காட்டினார் பிரியங்கர.
நூற்றைம்பது சீசீ. கறுப்பு.
"நங்கிக்கு ஸ்கூட்டர் போதாதா"
என்றார் சிங்களத்தில், சிரிக்காமல்.
நான் குந்தியிருந்து
செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன்.
முன் ரயரின் விலாவில் நான்கு இலக்கம்:
பத்தொன்பதாம் ஆண்டு, இருபத்தோராம் கிழமை.
பிடிப்பு இருந்தது, வயதும் இருந்தது.
அதற்காகப் பதினெட்டாயிரம் குறைத்தார்.

சும்மா வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு ஹெல்மெற் தந்தார்.
இடது காதிலிருந்து தாடைவரை
நீளமாய் ஒரு கீறல்.
"வீட்டில் விழுந்தது" என்றார்.
வீடுகள் அப்படிக் கீறுவதில்லை.
அதை அலுமாரிக்கு மேல் திருப்பி வைத்துவிட்டு
எண்ணிய காசைக் கொடுத்தேன்.

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.
நாரஹேன்பிட்டியில் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
குளிர்ப்பெட்டியும் நானும்.
கீழேயிருந்து படிவம் வரும்:
ஆண், இருபத்திரண்டு, ஓ பொசிற்றிவ், நான்கு பை, அவசரம்.
காரணம் எழுதும் கட்டத்தில் மூன்று ஆங்கில எழுத்து.
கூட வருகிற சிறு குழாய்
சிலவேளை இன்னும் சூடாயிருக்கும்.
முகங்களை நான் பார்த்ததில்லை.

பிறகேன் வாங்கினாய்?
இரவு பதினொன்றுக்கு ஓட்டோக்காரர் கேட்கிற விலை,
கேட்கிற கேள்வி.
அதோடு
ஆசை.
ஒளிப்பானேன்.

சீட்டுக் காசில் மிஞ்சியதில்
முப்பத்தோராயிரம் ஹெல்மெற்றுக்குப் போனது.
பஞ்சிகாவத்தையில் புது ரயர் போட்ட மிஸ்வர்
"தலையைவிட விலை கூட" என்றான்.
என் தலையின் விலை அவனுக்குத் தெரியாது.

ஞாயிறு காலைகளில் செட்டியார் தெரு
பூட்டிய நகைக்கடைகளின் முன் காலியாய்க் கிடக்கும்.
பையிலிருந்த றப்பர் செருப்பில் ஒன்றை
நடுவீதியில் வைத்தேன்.
முப்பதில் வரவேண்டும், செருப்புக்கு முன் நிற்கவேண்டும்.
முதல் தடவை நான்கு கடை தாண்டி நின்றேன்.
பின் பிறேக்கை மிதிக்க, பின்பக்கம் வாலாட்டியது.
முன் பிறேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது.
இரத்தப் பையை அமுக்கிப் பார்ப்பதுபோல்
மெல்லத் தொடங்கி, இறுக்கி, இறுக்கி.
கடைக் காவலாளி கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.
பத்தொன்பதாவது தடவை கை தட்டினார்.
இருபதாவதுக்குள்
செருப்பை நாய் கொண்டுபோய்விட்டது.

பெற்றோல் செட்டில் "மல்லி, எவ்வளவுக்கு" என்றான் பையன்.
முகக் கண்ணாடியைத் தூக்கினேன்.
அதன் பிறகு அவன் மீற்றரை மட்டும் பார்த்தான்.

ஐப்பசியில் முதல் பெருமழை.
மருதானையில் பஸ் நிற்கிற இடமெல்லாம்
டீசல் வானவில்.
கடவையின் வெள்ளைக் கோடுகளில்
(இப்போதும் மஞ்சள்கோடு என்றே சொல்கிறோம்)
ரயர் சவர்க்காரத்தில் நிற்பதுபோல் ஒரு கணம் தடுமாறும்.
கோட்டை நிமிர்ந்தபடி கடந்தேன், பிறேக் தொடாமல்.

புஞ்சி பொரளையில்
நூற்றறுபத்தெட்டு என் வலப்பக்கமாய் முந்தியது.
முன்னே, இடக் கரையில், குடையோடு ஒருத்தி
கையை நீட்டினாள்.
சாரதி காண முன்னமே நான் அந்தக் கையைக் கண்டேன்.
போன மாதம்வரை அது என்னுடைய கை.
அது நீண்டால் இந்த பஸ் என்ன செய்யும் என்று
எட்டு வருஷமாக எனக்குத் தெரியும்.
விரல்கள் தாமாக இறுக்கத் தொடங்கின.
பஸ் முழு நீளத்தையும் என் முன்னால் குறுக்கே போட்டது.
சிக்னல் இல்லை, ஒன்றுமில்லை.
எனக்கும் அதன் பம்பருக்கும் நடுவில்
ஒரு செருப்பு வைக்கலாம்.

அவள் குடையை மடக்கி ஏறினாள்.
நான் காலூன்றி நின்றேன், ஏறி முடியும்வரை.

வேலைக்கு வந்து, ஈரக் கையுறையைப் பிழிந்து,
குளிர்ப்பெட்டியைத் திறந்து கணக்கெடுத்தேன்.
என் ஹெல்மெற்றின் உட்புறம்
இரத்த வகையை எழுதி ஒட்டியிருக்கிறேன்:
ஏ நெகற்றிவ்.
இன்று கையிருப்பு இரண்டே இரண்டு பை.

இரவு பதினொன்று. வீதி வெறுமை.
நாற்பதில்தான் போனேன்.