இடது பக்கச் சத்தம்

போரூர் தாண்டி ஒரு ஷெட்டில்
மூன்று நாளாய் நிற்கிறது கேரவன்.
ரிமோட்டை அழுத்தினால்
வலப்பக்க உருளை டயரைக் கவ்வி நகர்த்துகிறது.
இடப்பக்கம் மட்டும்
மணலில் கடலை வறுக்கிற சத்தம்.

"பேரிங்" என்றான் டிரைவர்.
"பேட்டரி வீக்" என்றார் மேனேஜர்,
ஏசி ஓடாவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

சகாயமேரி ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கை விரித்து அடியில் படுத்தாள்.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனி மோட்டாரில்,
பிடி அவள் காதெலும்பில்.
மெட்ரோக்காரர்கள் துளைப்பதை
நிறுத்தும்வரை காத்திருந்து,
"போடு."
கறகற.
"இப்ப பின்னால."
சத்தமே இல்லை.

"தினம் மேட்டுல ஏத்துறீங்க.
இறங்கும்போது தள்ளி விடுறீங்க.
பல்லு ஒரு பக்கம் தேஞ்சிருக்கு."

கொஞ்சம் ஆயில் விட்டால் போதாதா,
மேனேஜர் குனிந்து கேட்டார்.

"சத்தம் போயிடும் சார்.
பல்லு வராது."

சும்மா நின்ற என்னிடம்
ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.
தாடையில் வைத்துக் கேட்டேன்.

ராத்திரி வடபழனி பஸ்ஸில்
கியர் மாறும்போதெல்லாம்
வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.