ஊசி முனையில் ஒரு சொட்டு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிர் மருந்துக்கடையில்
பதினோரு புட்டிகள்.
ஒன்பதில் மீன் துள்ளுகிறது.
ஒன்றில் பனிமலை.
மலையிலிருந்தா எண்ணெய் எடுக்கிறார்கள்?

குணாளனுக்கு டிரைகிளிசரைடு நான்கு புள்ளி ஒன்று.
மாத்திரை எழுதிய டாக்டர்
மீன் எண்ணெய் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்,
பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.
இவன் மீன் எண்ணெயை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுவந்தான்.
மிச்ச வாக்கியம் கிளினிக் நாற்காலியிலேயே இருந்துவிட்டது.

மறுநாளே
நிறுவைச் சாவடிப் பரிமளா
இரண்டு போலிஸ்டிரீன் கோப்பைகளோடு வந்தாள்.
கடை எண்ணெய் ஒன்றில், தன் கம்பெனி எண்ணெய் மற்றதில்.
பத்து நிமிஷத்தில் கடைக் கோப்பை ஓட்டையாகி
மேசையெல்லாம் ஒழுகியது.
"பாத்தியா, ஒன் ரத்தக்குழாயும் இப்படித்தான்.
எரநூத்து அறுபத்தெட்டு வெள்ளி.
மெம்பரானா குறைச்சல்."

பத்தொன்பது வருஷம் ஆலை லேபில் நிற்கிறேன்.
கோப்பை கரைவது கோப்பையின் சங்கதி.
எண்ணெய் எந்த வடிவத்தில் கட்டப்பட்டது என்று சொல்லும்.
சுத்தமா என்று சொல்லாது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
மகளுக்குப் பாலிடெக்னிக் பணம் கட்ட வேண்டிய மாதம் அது.
மேசையைத் துடைத்துக் கொடுத்தேன்.

செம்பனைப் பழம் மரத்தை விட்ட நிமிஷத்திலிருந்து
கணக்கு ஓட ஆரம்பிக்கும்.
லாரி பஞ்சரானால் அமிலம் ஏறும்.
குலைகள் மழையில் கிடந்தால் ஏறும்.
திங்கட்கிழமை வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பழத்தை
மூக்கே சொல்லிவிடும்.
இருந்தாலும் புரெட்டைத் திறந்து
இளஞ்சிவப்பு வந்து நிலைக்கும்வரை
சொட்டுச் சொட்டாக எண்ணுவேன்.
ஒருமுறை ஆறு புள்ளி இரண்டு.
குணாளன் லாரியில் வந்த பழம்.
கொஞ்சம் குறைத்து எழுதேன் என்று அவன் கேட்கவில்லை,
கதவருகே நின்றான், அவ்வளவுதான்.
எழுதினேன், ஆறு புள்ளி இரண்டு என்றே.
அன்று ராத்திரி
இருவரும் பேசாமல் சாப்பிட்டோம்.
ரசத்தில் உப்பில்லை என்றுகூட அவன் சொல்லவில்லை.

அதனால் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
முன்னால் யானை எழுத்தில் ஆயிரம் மில்லிகிராம்.
பின்னால் எறும்பு எழுத்தில்
இ.பி.ஏ. நூற்று எண்பது, டி.எச்.ஏ. நூற்று இருபது.
மிச்சம் எழுநூறு
சும்மா கூட வந்த சொந்தக்காரர்கள்.
பதிவு எண் இருக்கிறதா,
ஒட்டிய வில்லை சாய்த்தால் மின்னுகிறதா,
காலாவதி எப்போது.
நாலு மணி வெயில்
அலமாரிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.
"உள்ளே இருக்கிற புட்டி கொடுங்க" என்கிறேன்.
"இந்த பேட்சுக்குப் பெராக்சைடு ரிப்போர்ட் கிடைக்குமா?"
மருந்தாளர் சியூ லிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறாள்.
"அக்கா, இத கேட்ட மொத ஆளு நீங்கதான்."
கம்பெனிக்கு வாட்ஸ்அப் போடுகிறாள்.
இரண்டு நாள் கழித்து
ஒரு காகிதம் வருகிறது, எண்களோடு, கையெழுத்தோடு.
பழுப்புக் கண்ணாடி, முப்பது உருண்டை, மலை இல்லை.
அதையே வாங்குகிறேன்.

வீட்டில், தையல் ஊசியால் ஒன்றைக் குத்தி
ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்கிறேன்.
எலுமிச்சை வாசம் வந்தால் பயந்திருப்பேன்,
எதையோ மறைக்கத்தான் வாசம் பூசுவார்கள்.
வரவில்லை.
பழைய பெயின்ட் வாடையும் இல்லை.
விடியற்காலைச் சந்தையில்
கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது
வருமே, அது மட்டும்.

"நல்லதா?"
"கெட்டுப்போகல."
"நல்லதான்னு கேட்டேன்."
பாதரசம் என் மூக்குக்குத் தெரியாது,
அதற்கு வேறு கருவி வேண்டும்,
காகிதத்தில் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது என்றேன்.
அவன் ஒன்றை வாயில் போட்டு
தண்ணீர் குடித்து
விழுங்கிவிட்டதாக நாக்கை நீட்டிக் காட்டினான்.

மூடியில் திறந்த தேதியை மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தேன்.
"மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பாங்களாம்," என்றான்
பேனாவையே பார்த்துக்கொண்டு.
"அந்த நம்பரையாவது
கொஞ்சம் கொறைச்சு எழுதச் சொல்லு."