எண்பத்து நாலு

வாரத்தில் ஐந்து நாள் நான் தண்ணீர் மீட்டர் படிக்கிறவள்.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், மேட்டுத் தெருக்கள்.
இரும்பு மூடியைத் தூக்கினால்
கரப்பான், சேறு, நடுவில் ஆறு எண்கள்.
கொஞ்சம் குறைத்துப் போடு அக்கா என்பார்கள்.
டீ தருவார்கள். நாயைக் கட்டுவார்கள்,
கட்டாமலும் விடுவார்கள்.
இருக்கிறதை எழுதிவிட்டு வருவேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை
ரேடார் துப்பாக்கி என் கைக்கு வந்தது.

அமெரிக்காவிலிருந்து ஒருவர்,
மடக்கு நாற்காலி, மூக்கில் வெயில் களிம்பு,
பிரெனோலன் தேவரின் வலது கையைப் பார்க்க வந்திருந்தார்.
பையனுக்குப் பதினேழு.
அப்பா காருக்கு ஒடுக்கு எடுக்கிறவர்.
கராஜ் கதவில் சாக்பீஸால் சதுரம் வரைந்து
ஒன்பது வருஷம் அதில் எறியவிட்டார்.
ஊர்க் கார்களின் ஒடுக்கெல்லாம் எடுத்தவர்
அந்தக் கதவை மட்டும் தொடவில்லை.

எண்பத்து மூன்று. எண்பத்து இரண்டு.
பத்தாவது பந்து, எண்பத்து நாலு.
தேவர் என் தோளருகே வந்தார், பெப்பர்மின்ட் வாசனையோடு.
"எண்பத்தாறு போடுங்க அக்கா. ரெண்டே ரெண்டு."
வாரமெல்லாம் குறைக்கச் சொல்லும் ஊர்
இன்றைக்குக் கூட்டச் சொல்கிறது.
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன்.
பிறகு எண்பத்து நாலு என்றே எழுதியது.

இடைவேளையில் வந்தவர் விளக்கினார்.
அங்கே வருஷத்துக்கு ஒருமுறை டிராஃப்ட்.
பள்ளிப் பையன்கள், கல்லூரிப் பையன்கள்,
அணி அணியாய்ப் பேர் சொல்லி எடுப்பார்கள்.
மோசமாய்த் தோற்றவனுக்கு முன்வரிசை.
கோப்பையைத் தூக்கியவன் கடைசியில் நிற்கணும்.

எனக்கு அந்த விதி பிடித்துப்போனது.
குழாய் வறண்ட வாரங்களில்
டாங்கர் லாரி எங்கள் மேடு ஏறுமுன் காலியாகிவிடும்.
கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்று
எத்தனை மனு.

"ஆனால் அந்த வரிசை உங்களுக்கில்லை" என்றார்.
வெளிநாட்டுப் பையன்கள் கணக்கு வேறு.
பிடித்தால் நேரே கையெழுத்து.
பிடிக்காவிட்டால்?
அவர் தண்ணீர் குடித்தார்.

ஒரு தாளை நீட்டினார்: உயரம், எடை,
பழைய காயம், தழும்பு, அப்பாவின் உயரம்.
"கப்பல்காரனும் இதைத்தான் எழுதிக்கொண்டான்" என்றேன்.
"இவன் பிளேனில் போகிறவன், சும்மா இருங்க" என்றார் தேவர்.
சும்மா இருந்தேன்.

மத்தியானத்துக்குமேல் கடல்காற்று ஏறியது. கை இறங்கியது.
எண்பத்தொன்று.
எழுபத்தொன்பது.
ஒரு பந்து மண்ணைக் கொத்தி எகிறியது.
நாங்கள் எல்லாரும் எறிந்த கையைப் பார்த்திருக்க,
எதிர்முனையில் ஒருவன் அதை நெஞ்சால் அமுக்கி,
தொடையில் துடைத்து,
ஒன்றும் நடக்காதமாதிரி திருப்பி எறிந்தான்.
வந்தவர் அப்போதுதான் பேனா மூடியைத் திறந்தார்.

"பிடிக்கிறவன் பேர் என்ன?"

தாளைப் புரட்டினேன்.
ஐம்பத்தேழு பந்து. ஒவ்வொன்றுக்கும் வேகம், நேரம்,
காற்று எந்தப் பக்கம் என்பதுவரை.
பிடித்தவனுக்குக் கட்டமே போடவில்லை நான்.

கிஸ்டன் வீட்டு இளையவன்.
ஆள் குறைகிறதென்று
சர்ச்சுக்குப் போகிற வழியில் இழுத்து வந்தோம்.
இரவல் கவசம், ஒரு கால் சிவப்பு, ஒரு கால் நீலம்.
முகமூடியைத் தூக்கி, தன்னையா என்று
பின்னால் திரும்பிப் பார்த்தான்.
பின்னால் கம்பிவேலிதான் இருந்தது.

பிரெனோலன் கைதட்டினான்,
இடக்கைத் தோலுறையைக் கழற்றாமல்.
சத்தம் சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தேவர் வீட்டு மீட்டர்.
கராஜ் கதவுக்குப் புதுப் பெயின்ட்,
சதுரத்தை மட்டும் விட்டுச் சுற்றி அடித்திருந்தார்.
நாய் கட்டியிருந்தது.
அவரே குனிந்து மூடியைத் தூக்கிக் கொடுத்தார்.
"எவ்வளவு?"
சொன்னேன். போன மாதத்தைவிடக் கூடத்தான்.
"அவ்வளவா" என்றார்,
மூடியைப் போட்டார்.